பனியுகத்தில் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நடந்தே போகலாம் என்கிறார்கள். அப்போதைய பனியின் எல்லையை எப்படி வரைகிறார்கள்?

நடந்தே போயிருக்கலாம் என்பது உண்மைதான். சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் தண்ணீர் பனியாகக் குவிந்ததால் கடல்மட்டம் ஏறக்குறைய 120 மீட்டர் இறங்கியது. பாக் விரிகுடாவின் ஆழம் பெரும்பாலும் 15 மீட்டருக்குள். அது அப்படியே தரையாகிவிட்டது.

எல்லைக்கு முதல் தடயம் மொரைன்: பனி தள்ளிக்கொண்டு வந்து விளிம்பில் கொட்டிய கல்லும் மண்ணும். செயற்கைக்கோள் படத்தில் வளைந்த வரப்பு மாதிரி தெரியும். கடலடியில் என்றால் கப்பலிலிருந்து ஒலி அலை அனுப்பித் தேடுவார்கள்.

வயதுதான் தலைவலி. மொரைன் மேட்டின் மேலுள்ள பெரிய பாறாங்கல்லில் மேற்புறம் 2–5 செ.மீ. மட்டும் உளியால் பெயர்த்து, குவார்ட்ஸ் கனிமத்தைப் பிரித்து, விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிரால் அதில் உண்டான பெரிலியம்-10 அணுக்களை அளப்பார்கள். அணுக்கள் கூடக் கூட, கல் பனியைவிட்டு வெளியே வந்து அதிகக் காலம் ஆகிறது என்று கணக்கு. கல் பிற்பாடு உருண்டிருந்தாலோ, மண்ணில் புதைந்திருந்து தாமதமாக வெளிப்பட்டிருந்தாலோ வயது குறைவாகக் காட்டும். பனி சரியாகச் சுரண்டாமல் பழைய அணுக்களோடு தூக்கி வந்திருந்தால் அதிகமாகக் காட்டும். அதனால் ஒரே கல்லை நம்பி எல்லைக் கோடு போடக் கூடாது. ஒரே மேட்டில் பல கற்களை எடுத்து, ஒட்டாததை ஒதுக்க வேண்டும்.

இது ஒரு குழுவால் முடிகிற வேலையும் இல்லை. ஆண்டுக்கு எத்தனை பெரிலியம்-10 அணு உண்டாகும் என்ற உற்பத்தி வீதத்தை ஆளுக்கொன்றாக வைத்துக் கணக்கிட்ட பழைய தேதிகளை ஒரே வீதத்துக்கு மாற்றிய பிறகே ஒப்பிட முடியும். 2016-இல் வெளியான டேட்டட்-1 தொகுப்பு, யுரேசியப் பனிப்படலங்களுக்கு 5,000-க்கும் மேற்பட்ட தேதிகளைத் திரட்டி, காலவாரியாகக் குறைந்தபட்சம், அதிகபட்சம், நம்பத்தக்கது என மூன்று கோடு போட்டது. ஒற்றைக் கோட்டைவிட இதுவே நேர்மை.

வரைந்த பனியின் மொத்தக் கன அளவு, கரீபியன் தீவான பார்படாஸில் அன்றைய கடல்மட்டத்தை ஒட்டி வளர்ந்த பழைய பவளங்கள் காட்டும் கடல்மட்ட இறக்கத்துக்கும் ஈடாக வேண்டும். அந்தக் கணக்கு இன்னும் கொஞ்சம் உதைக்கிறது.