ராக்கெட் உருவாக்குற டீமை வழிநடத்துறதுல எது ரொம்ப கஷ்டம்?

எஞ்சினா, பட்ஜெட்டா, டைமான்னு கேட்டிருக்கீங்க. ராக்கெட்டோட மேல் ஸ்டேஜ், அதாவது கீழ் அடுக்கு எரிஞ்சு பிரிஞ்ச பிறகு வேலை செய்யிற அடுக்கு, அந்த வேலையில பல வருஷம் டீம் லீடா இருந்தவன் நான், என்னைக் கேட்டா இது மூணுமே இல்லை. மனசுல சந்தேகத்தோட உக்காந்திருக்கிறவங்களை வாயைத் திறந்து பேச வைக்கிறதுதான் கஷ்டம்.

1979 ஆகஸ்ட் 10, இஸ்ரோவோட எஸ்எல்வி-3 ராக்கெட்டின் முதல் ஏவுதல். இதைப் பேசுனாலே, தோல்விக்கான பொறுப்பை அப்போ இஸ்ரோ தலைவரா இருந்த சதீஷ் தவான் பத்திரிகைக்காரங்க முன்னாடி தானே ஏத்துக்கிட்டதைத்தான் எல்லாரும் சொல்வாங்க. பெரிய மனசுதான், ஆனா எனக்குப் பாடம் அதுக்கு முன்னாடி நடந்தது. கவுண்ட்டவுன் கடைசியில கம்ப்யூட்டர் ஏவுதலை நிறுத்தி ஹோல்ட் போட்டுருச்சு, கூட இருந்த நிபுணர்கள் கசிவு இருந்தாலும் பரவால்ல, எரிபொருள் கையிருப்பு போதும் போகலாம்னாங்க, திட்ட இயக்குநரா இருந்த கலாம் கம்ப்யூட்டரைத் தாண்டி ஏவச் சொல்லிட்டார். இரண்டாவது ஸ்டேஜ் கட்டுப்பாடு இழந்து எல்லாம் வங்கக் கடல்ல போய் விழுந்துச்சு. அதை அவரே பின்னாடி ஒளிவுமறைவில்லாம சொன்னாரு பாருங்க, அதுதான் தலைமை. 1980 ஜூலை 18ல எஸ்எல்வி-3 ரோகிணி சாட்டிலைட்டை சுற்றுப்பாதையில கொண்டுபோய் விட்டுச்சு.

இன்னொண்ணு, ரெண்டு டீமுக்கு நடுவுல இருக்கிற இடைவெளி. 2008 ஆகஸ்ட்ல ஸ்பேஸ்எக்ஸோட ஃபால்கன் 1 ராக்கெட் மூணாவது தடவை போனப்ப, முதல் ஸ்டேஜ் எஞ்சினை நிறுத்தின பிறகும் கொஞ்சூண்டு உந்துவிசை மிச்சம் இருந்து, பிரிஞ்ச ஸ்டேஜ் பின்னாடியே வந்து மேல் ஸ்டேஜை இடிச்சிருச்சு. தரையில டெஸ்ட் பண்ணும்போது காத்தழுத்தம் இருக்கிறதால அந்த மிச்சம் தெரியவே தெரியாது, வெற்றிடத்துலதான் தெரியும். எஞ்சின் ஆளுங்களும் பிரிப்பு வேலை பாக்குறவங்களும் சேர்ந்து உக்காந்து யோசிச்சாத்தான் பிடிபடுற விஷயம் இது. எஞ்சினை நிறுத்துறதுக்கும் பிரிக்கிறதுக்கும் நடுவுல நேரத்தைக் கூட்டுனாங்க, செப்டம்பர் 28ல அடுத்தது சுற்றுப்பாதைக்குப் போயிருச்சு.

எடையும் அப்படித்தான். மேல் ஸ்டேஜ்ல ஒரு கிலோ கூடுனா சாட்டிலைட்ல ஒரு கிலோ போச்சு, அதனால ஒவ்வொரு குரூப்பும் ஆளுக்குக் கொஞ்சம் மார்ஜினை, அதாவது தேவைக்கு மேல கூடுதல் எடையை, ஒளிச்சு வச்சுக்கும். திட்டுனா இன்னும் ஆழமா ஒளிப்பாங்க.

என் அனுபவம் ஒண்ணு. பாகங்களை ஒண்ணா சேர்க்கிற இன்டக்ரேஷன் முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சு ஒரு இளம் டெக்னீஷியன் சாயங்காலம் என் ரூம் வாசல்ல வந்து நின்னான், கையில ஹெல்மெட்டை சுத்திக்கிட்டே இருக்கான், பேசல. உள்ள வாப்பான்னு கூப்ட்டு உக்கார வச்ச பிறகு, "சார், அந்த கனெக்டரை மாட்டும்போது எப்பவும் டக்குனு ஒரு சத்தம் வரும், அன்னைக்கு வரல"ன்னான். அப்பவே ஏன்ப்பா சொல்லலன்னு கேட்டேன். "டெஸ்ட்ல எல்லாம் பாஸ் ஆயிருச்சு சார், சத்தம் வரலன்னு எப்படி எழுதிக் குடுக்கிறது?" பிரிச்சுப் பாத்தா லாக் பாதிதான் விழுந்திருக்கு, அதிர்வுல கழண்டிருக்கும். நாலு நாள் தள்ளிப்போச்சு, மேல இருந்து எனக்கு செம திட்டு. ரெண்டு நாளா அவனை பயத்துல வச்சிருந்தது நான்தானேங்கிறதுதான் எனக்கு உறுத்துச்சு.

அடுத்த ரிவ்யூல இருந்து வயசுல சின்னவங்க முதல்ல பேசணும், நான் கடைசின்னு மாத்துனேன். அந்த வாரமே மூணு பேர் மூணு சந்தேகத்தோட வந்தாங்க. மூணும் ஒண்ணுமில்லாமதான் போச்சு, ஆனா மூணையும் பிரிச்சுப் பாத்தோம், அவங்களையும் பக்கத்துல நிக்க வச்சுக்கிட்டு.