முதலில் நடந்து பாருங்கள்: சிகாகோவில் இளம் யூதக் குடும்பத்துக்கு வீடு (கேள்வி பதில்)

சிகாகோவின் வடக்குக் கோடியில் வெஸ்ட் ரோஜர்ஸ் பார்க் பக்கம் வீடு வாங்க, விற்க உதவுவது என் தொழில். டெவான் அவென்யூவுக்கு முருங்கைக்காய் வாங்க வந்தவள், அங்கேயே பிழைப்பையும் பிடித்துக்கொண்டேன். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் சபாத் என்ற வார ஓய்வுநாளைக் கடைப்பிடிக்கும் இளம் யூதத் தம்பதிகள். கேள்விகள் நிறைய வந்திருந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, என் தங்கை யூதரைத் திருமணம் செய்து மதம் மாறியவள். நியூயார்க்கில் இரண்டு சின்னக் குழந்தைகளோடு வாடகை கட்டி மாளவில்லை. சிகாகோ வருவதாக இருந்தால் எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பதில்: ஜெப ஆலயத்தின் வாசலிலிருந்து. சபாத் என்றால் வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி இருட்டும்வரை காரைத் தொட மாட்டார்கள், ஆலயத்துக்கு நடைதான். டிசம்பரில் இங்கே நாலரை மணிக்குள் சூரியன் போய்விடும். ஜனவரிக் குளிரில் அரை மைல் என்பது வரைபடத்தில் தெரிகிற அரை மைல் இல்லை. அதனால் நான் எல்லாரிடமும் சொல்வது: வீட்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் பிள்ளைகளோடு ஆலயத்திலிருந்து அந்த வாசல்வரை நடந்து வாருங்கள். ஒரு தம்பதி சமையலறையைப் பார்த்து மயங்கி, அன்றே விலை பேசத் தயாராகிவிட்டார்கள். நடந்து பார்த்தபோது பாதி வழியில் மூன்று வயதுப் பையன் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டான். அதோடு அந்த வீட்டுப் பேச்சு முடிந்தது.

பகுதி என்று கேட்டால், வசதி, விலை இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது வெஸ்ட் ரோஜர்ஸ் பார்க்தான். நகர ஏட்டில் அதன் பெயர் வெஸ்ட் ரிட்ஜ். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, மேற்குப் பக்க லான்டேலிலிருந்து யூதக் குடும்பங்கள் பெருமளவில் இங்கே இடம்பெயர்ந்தன. ஆலயம், பள்ளி, மிக்வே என்ற சடங்குக் குளியல் இடம் எல்லாம் நடக்கிற தூரத்தில் கிடைக்கும்.

கேள்வி: 'ஏருவ் உள்ளே இருக்கிறதா?' என்று மாப்பிள்ளை திரும்பத் திரும்பக் கேட்கிறார். அது என்ன?

பதில்: சபாத் அன்று வீட்டுக்கு வெளியே எதையும் சுமக்கக் கூடாது, குழந்தைத் தள்ளுவண்டியும் தள்ளக் கூடாது. ஆனால் பகுதியைச் சுற்றிக் கம்பமும் கம்பியும் வேலியுமாக ஓர் எல்லை கட்டிவிட்டால், அதற்குள் அனுமதி உண்டு. அந்த எல்லைதான் ஏருவ். கைக்குழந்தை உள்ள தாய்க்கு அது இல்லையென்றால் சனிக்கிழமை வீட்டுச் சிறைதான். வாரா வாரம் ஆள் போய்ச் சரிபார்ப்பார்கள். புயலில் ஒரு கம்பி அறுந்தாலும் சரிசெய்யும்வரை செல்லாது. எல்லைக் கோடு சில இடங்களில் தெருவின் ஒரு பக்கத்தோடு நின்றுவிடும், எதிர்வீடு வெளியே. அதனால் கதவு எண்ணோடு கேளுங்கள். அதை நம்பாத குடும்பங்களும் உண்டு, அது அவரவர் ராபி என்ற மதகுருவின் வழி.

கேள்வி: இரண்டு அடுக்கு வீடு வாங்கி ஒன்றை வாடகைக்கு விடலாமா?

பதில்: பணம் குறைவாக உள்ளவர்களுக்கு நான் முதலில் காட்டுவதே அதுதான். இங்கே 'டூ ஃப்ளாட்' என்பார்கள், கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு. நீங்களும் அதில் குடியிருந்தால் எஃப்எச்ஏ என்ற, கூட்டாட்சி அரசு காப்பீடு தரும் வீட்டுக் கடனில் 3.5 சதவீதம் முன்பணம் போதும், நான்கு வீடுவரை உள்ள கட்டடத்துக்கும் பொருந்தும். வரப்போகும் வாடகையில் ஒரு பங்கை வருமானமாகவும் எடுத்துக்கொள்வார்கள்.

ஆனால் பின்பக்கம் போய்த் தலையைத் தூக்கிப் பாருங்கள். சிகாகோவின் பழைய கட்டடங்களில் மரத் தாழ்வாரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். கூடாரப் பண்டிகையின்போது ஏழு நாளும் சாப்பிட ஒரு குடில் போட வேண்டும். அதன் பெயர் சுக்கா. (மட்டன் சுக்கா இல்லை, நானும் முதலில் சிரித்தேன்.) அதன் ஓலைக் கூரைக்கு மேலே திறந்த வானம்தான் இருக்க வேண்டும். மேலே இன்னொருவர் தாழ்வாரம் இருந்தால் செல்லாது. ஆக, கீழ்வீட்டுக்காரருக்குக் கொல்லைப்புறம் கையில் இருக்க வேண்டும்.

கேள்வி: பக்கத்து ஸ்கோக்கி அமைதியான ஊராம். அங்கே போகலாமே?

பதில்: போகலாம், பெரிய யூதப் பள்ளிகள் சில அங்கேதான். சொத்து வரி விகிதம் பொதுவாக நகரத்தைவிட அதிகம், அதைக் கணக்கில் வையுங்கள்.

வரிச்சீட்டில் ஒரு பொறி உண்டு, ஸ்கோக்கியிலும் சரி, நகரத்திலும் சரி. விற்பவர் வயதானவராக இருந்தால் மூத்தோர் சலுகையெல்லாம் கழிந்து பில் சின்னதாக நிற்கும். நீங்கள் வாங்கியதும் அந்தச் சலுகை போய்விடும். இரண்டும் அடங்கிய குக் கவுண்டியில் வரி ஒரு வருடம் பின்தங்கித்தான் வரும் என்பதால் அடி விழுவதும் தாமதமாகத்தான். சலுகை இல்லாமல் வரி எவ்வளவு என்று முதலிலேயே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: மேடம், வீட்டுத் தவணை கையில் நிற்கும்போல் இருக்கிறது. வேறென்ன செலவு?

பதில்: பள்ளி! இதை யாரும் முதலில் கேட்பதில்லை. யூதப் பள்ளிகள் தனியார் பள்ளிகள். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 15,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம், உயர்நிலைப் பள்ளியில் இன்னும் கூடும். மூன்று பிள்ளை என்றால் வீட்டுத் தவணையைவிட அதுதான் பெரிய தொகை. கட்டண உதவி கேட்பதில் வெட்கமே வேண்டாம், நிறையக் குடும்பங்கள் வாங்குகின்றன. வரிச்சலுகையோடு நன்கொடை வாங்கிப் படிப்புதவி தந்துகொண்டிருந்த இல்லினாய் மாநிலத் திட்டம் 2023 முடிவோடு நின்றுவிட்டது, அதை நம்பிப் போட்ட பழைய கணக்கைக் கிழித்துவிடுங்கள். வீட்டு விலையில் பேரம் பேசும் முன் பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்து பேசுங்கள். எத்தனையோ 'மலிவான' வீடு அந்த ஒரு மணி நேரத்தில் விலை ஏறிவிடும்.

கேள்வி: அடுக்குமாடியில் ஃப்ளாட் வாங்கினால்?

பதில்: வாசல் பூட்டைப் பாருங்கள். இது என் தவற்றிலிருந்து கற்றது. ஆரம்ப காலத்தில் ஒரு குடும்பத்துக்கு அருமையான மூன்றாம் மாடி வீட்டைக் காட்டினேன். அந்த அம்மா சமையலறைக்குள்கூட வரவில்லை, தெருக்கதவில் நின்று, "சாவி எங்கே?" என்றார். மின் அட்டை காட்டினால்தான் கதவு திறக்கும். சபாத் அன்று மின்சாரத்தை இயக்கக் கூடாது, உள்ளே போவது எப்படி? சாதாரணச் சாவி போடும் வழி இருக்கிறதா என்று இப்போது நானே முதலில் கேட்டுவிடுவேன். ஆள் வந்தால் தானே எரியும் படிக்கட்டு விளக்கும் இதே தொல்லைதான்.

கதவு நிலையில் பொருத்தும் மெசூசா என்ற வேத வசனச் சுருளைப் பற்றிக் கவலை வேண்டாம். முன்பு இங்கே ஒரு கட்டடத்தில் அதைப் பிடுங்கிப் போட்டு வழக்காகி, 2009-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போனது. அதற்கு முன்பே நகரமும் மாநிலமும் சட்டம் போட்டுவிட்டன, அடுக்குமாடி உரிமையாளர் சங்கம் தடுக்க முடியாது.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், யூதர்கள் அதிகம் உள்ள தெரு எது?

பதில்: சொல்ல மாட்டேன். 1968-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டப்படி மதம், இனம் பார்த்து ஆளை ஒரு தெருவுக்கு அனுப்புவதோ தடுப்பதோ சட்டவிரோதம், உரிமமே போகலாம். ஆலயமும் பள்ளியும் எங்கே என்று வரைபடம் தருவேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நீங்களே தெருவில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாதுகாப்பு எப்படி?

பதில்: மறைக்க மாட்டேன். 1999 ஜூலையில் ஒரு வெள்ளி மாலை இங்கே யூதர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. 2024 அக்டோபரில் ஆலயத்துக்கு நடந்து போனவர் சுடப்பட்டார், உயிர் பிழைத்தார். ஆலயங்களில் காவலர் நிற்பதை இப்போது யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. அப்படியும் வெள்ளி மாலை நடைபாதை நிறையப் பிள்ளைகள்தான். உங்கள் மனம் ஏற்கிறதா என்பதை என்னால் சொல்ல முடியாது.

கேள்வி: டெவானில் நம்ம சைவ ஹோட்டல் இருக்கிறதே, தங்கை குடும்பம் அங்கே சாப்பிடலாமா?

பதில்: சைவம் என்பதாலேயே கோஷர், அதாவது யூத உணவு விதிக்கு ஏற்றது, ஆகாது. கீரையில் பூச்சி பார்க்க வேண்டும், பாலாடைக்கட்டிக்குத் தனி விதி, அடுப்பை யார் பற்றவைத்தார்கள் என்பது வரை கேள்வி உண்டு. சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கத்தரிக்காயை வாங்கிக் கொடுத்துவிடுங்கள், வீட்டிலேயே குழம்பு வைத்துக்கொள்ளட்டும்.