சீப்புச்சீடை சுற்றுகிற கட்டைவிரல் ஏன் வலிக்கிறது?

கேள்வி: காரைக்குடியில் வீட்டின் இரண்டாம் கட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறோம். என்னோடு நான்கு பெண்கள். கல்யாணச் சீர் ஆர்டர் வந்தால் தேன்குழல், சீப்புச்சீடை, மனகோலம் என்று நாள் முழுக்க வேலை. எல்லோருக்கும் வலது கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலி. அடுப்பில் நிற்பவருக்குத் தோளும், தரையில் உட்கார்ந்து சுற்றுபவருக்கு இடுப்பும் சேர்ந்து வலிக்கின்றன. தைலம், பெல்ட் எதற்கும் கேட்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: ஐந்து பேருக்கும் ஒரே இடத்தில் வலி என்றால் வயதின் மேல் பழி போட முடியாது. வேலை செய்கிற விதத்தில்தான் கோளாறு. முதலில் மாவு பிழிகிற நாழியையும் மாவையும் பாருங்கள்.

கட்டைவிரலை இழுக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரு குறுகலான உறைக்குள் ஓடுகின்றன. நாழியை இறுக்கிப் பிடிக்கும்போதும், சீப்புச்சீடைத் துண்டை விரலில் சுற்றி முனையைக் கிள்ளி ஒட்டும்போதும் உழைப்பவை அவைதான். உறை தடித்துப்போனால் ஒவ்வொரு அசைவிலும் நாண் உரசும். கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாயுங்கள். கட்டைவிரலின் அடியில் சுரீரென்றால் பெரும்பாலும் இந்தக் கோளாறுதான். கட்டைவிரலைப் பிடித்து நிறுத்தாத சாதாரண மணிக்கட்டு பெல்ட் இதற்கு உதவாது.

நாழியின் உள்விட்டத்தை அளந்து பாருங்கள். அகலமான நாழியில் ஒரே தடவையில் நிறைய மாவு போடலாம் என்று பெரிதாக வாங்குகிறார்கள். கை வலி அங்கேதான் ஆரம்பிக்கிறது. 6 செ.மீ. விட்டத்தில் அழுத்தும் பரப்பு 28 சதுர செ.மீ.; 4.5 செ.மீ. விட்டத்தில் 16தான். அதே மாவை அதே அச்சில் பிழிய, சின்ன நாழிக்குப் பாதியைவிடச் சற்றுக் கூடுதலான பலம் போதும். அடிக்கடி மாவு நிரப்ப வேண்டிவரும். அந்த இடைவெளியில் கைக்கு ஓய்வும் கிடைக்கும்.

அடுத்தது மாவு. உளுந்து மாவில் குருணை இருந்தால் அச்சுக் கண் அடைபடும், பிழியக் கூடுதல் பலம் வேண்டும். மெல்லிய சல்லடையில் இரண்டு முறை சலியுங்கள். காலையில் மொத்தமாகப் பிசைந்து வைத்தால் மதியத்துக்குள் இறுகிவிடும். இருபது நிமிடத்தில் தீரும் அளவே பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடுங்கள். கைக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று தண்ணீரைக் கூட்டிவிட வேண்டாம், தேன்குழல் எண்ணெய் குடித்துவிடும்.

எண்ணெய்க்கு நேர் மேலே நாழியைத் தூக்கிப் பிடித்துப் பிழிவதுதான் தோளைக் கெடுக்கிறது. முழங்கை உயராத மேசையில், எண்ணெய் தடவிய கரண்டியின் பின்புறம் பிழிந்து எண்ணெயில் நழுவ விடுங்கள். சட்டியின் விளிம்பு முழங்கைக்கு 10 முதல் 15 செ.மீ. கீழே இருக்க வேண்டும்; அடுப்பின் உயரத்தை அல்ல, விளிம்பைத்தான் அளக்க வேண்டும். 150 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு அது தரையிலிருந்து சுமார் 80 முதல் 85 செ.மீ. வரும். உயரமானவருக்கு மேடையைச் சரிசெய்துவிட்டு, குட்டையானவருக்குக் கால் பலகை போடலாம். ஆனால் பக்கத்தில் கொதிக்கிற எண்ணெய் இருக்கிறது. பலகை அகலமாக, ஆடாமல் இருக்கட்டும். ஆத்தங்குடிக் கல் தரையில் எண்ணெய் சொட்டினால் வழுக்கும், வழுக்காத ரப்பர் விரிப்பு போடுங்கள். அரிகரண்டிக் காம்பு மெல்லிய கம்பியாக இருந்தால் பருத்தித் துணி சுற்றி 3 செ.மீ. தடிமனாக்குங்கள், தீயில் படாத பகுதியில் மட்டும். கரண்டி கொள்ளும் அளவெல்லாம் அள்ளாமல் பாதி பாதியாக எடுங்கள்.

இடுப்பு வலிக்குத் தரையில் உட்காருவது மட்டும் காரணமில்லை, தட்டும் தரையில் இருப்பதுதான். சம்மணமிட்டவர் முன்னால் 25 செ.மீ. உயரப் பலகை வைத்து அதன்மேல் தட்டை வையுங்கள், குனிவது நின்றுவிடும். முழங்கால் தேய்ந்தவருக்கு 40 செ.மீ. நாற்காலியும் 65 செ.மீ. மேசையும். நிற்பவருக்கும் ஒரு ஸ்டூல் அவசியம். தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் வந்த திருத்தமே வேலையாட்களுக்கு இருக்கை தரச் சொல்கிறது.

ஆளை மாற்றுகிறோம் என்று சொல்லும் பல இடங்களில் மாற்றம் பெயருக்குத்தான். சீடை சுற்றியவரைப் பாக்கெட் கட்ட அனுப்பினால் அங்கேயும் அதே கிள்ளல்தான். நாழி பிழிந்தவர் அடுப்புக்கு, அடுப்பிலிருந்தவர் சுற்றலுக்கு, சுற்றியவர் எடை போட. முக்கால் மணிக்கு ஒரு தடவை மாற்றுங்கள்.

25 கிலோ அரிசி மூட்டையை ஒருவர் தூக்க வேண்டாம். எல்லாம் தோதாக இருக்கும்போதே 23 கிலோதான் அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் (NIOSH) சொல்லும் எல்லை. மூட்டையைப் பிரித்து, இடுப்பு உயரத் தட்டில் டப்பாக்களில் வையுங்கள். எண்ணெய் டின்னுக்கும் அதே உயரம்.

ஆர்டர் இல்லாத மாதத்துக்குப் பிறகு முதல் நாளே முழு வேகத்தில் இறங்காதீர்கள். முதல் வாரத்துக்குக் கூடுதலாக ஒரு ஆள் போடுங்கள், அந்தக் கூலி வைத்தியச் செலவைவிடக் குறைவு.

இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்து எழுப்பினாலோ, பிடித்த பாத்திரம் நழுவினாலோ, இரண்டு வாரம் இப்படி மாற்றிச் செய்தும் வலி குறையாவிட்டாலோ எலும்பு மருத்துவரைப் பாருங்கள். மரத்துப்போவது இதிலிருந்து வேறானது, அது நரம்புக் கோளாறு; அதைத் தள்ளிப்போடக் கூடாது.