கிரீன்வுட் கிடைக்காவிட்டால் புவாவேரைத் தேடுங்கள்

வணக்கம். 1880 வாக்கில் கனடாவின் பிரெஞ்சு பேசும் கியூபெக்கிலிருந்து அமெரிக்காவின் லோவெல் நகரப் பஞ்சாலைக்கு வந்த ஜோசப் கிரீன்வுட்டின் ஞானஸ்நானப் பதிவு கியூபெக்கில் எங்கும் இல்லையே, எப்படித் தேடுவது என்று கேட்டிருந்தீர்கள்.

அந்தப் பெயரில் தேடினால் கிடைக்காது. லோவெல் இருக்கும் நியூ இங்கிலாந்துப் பகுதியில், பிரெஞ்சில் ‘அரசன்’ என்று பொருள்படும் ‘ருவா’ கிங் ஆனதுபோல, ‘பச்சை மரம்’ என்று பொருள்படும் புவாவேர் பல இடங்களில் கிரீன்வுட் ஆனது. புவாவேருக்குப் பின்னாலும் இன்னொரு குடும்பப் பெயர் இருக்கலாம். ‘தெனெவேர் தி புவாவேர்’ என்று எழுதுவார்கள். ‘தி’ என்றால் ‘எனப்படும்’. அண்ணன் தெனெவேராகவும் தம்பி புவாவேராகவும் பதிவாகியிருந்தால் திகைக்க வேண்டாம்.

முதலில் லோவெலின் பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பங்கு ஆலயத்தில் அவருடைய திருமணப் பதிவைப் பாருங்கள். பாதிரியார் பிரெஞ்சில் எழுதியிருப்பார்; பெற்றோர் பெயரும் இருக்கும். தாய் பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருப்பார், அதுதான் உங்கள் பிடி. அது மறுமணமென்றால் பெற்றோருக்குப் பதிலாக இறந்த மனைவியின் பெயரே இருக்கும். அப்போது முதல் திருமணத்தைத் தேட வேண்டும்.

பிறகு கியூபெக் தேவாலயப் பதிவுகளைக் கொண்ட துருவேன் தொகுப்பில் தாய் தந்தை இருவர் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். ஆண் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஜோசப் என்றே முதல் பெயர் வைத்தார்கள். கூப்பிட்ட பெயர் பெரும்பாலும் கடைசியில் வரும். அதனால் ஜோசப்பை மட்டும் நம்பி எந்தப் பதிவையும் தள்ளிவிடாதீர்கள்.