மேக்ரோவில் தமிழ் குப்பையாக வருவது ஏன்?

கொழிஞ்சாம்பாறை நண்பரே, காய்கறி மண்டி ரசீதுக்கான எக்செல் மேக்ரோவை (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரலை) விஷுவல் ஸ்டூடியோ கோடு என்ற எடிட்டரில் திருத்தி எக்செலில் மறுபடி ஏற்றினால் 'தக்காளி'யும் 'புடலங்காய்'யும் புரியாத குறிகளாகின்றன என்கிறீர்கள். குற்றம் புதிய எடிட்டரில் இல்லை. அது கோப்பை எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கிறது. எக்செலுக்குள் இருக்கும் விபிஏ (மேக்ரோ எழுதும் மொழி) எடிட்டரோ விண்டோஸின் பழைய எழுத்துக் குறிமுறைப் பட்டியலை வைத்தே படிக்கிறது. அந்தப் பட்டியலில் தமிழும் கிடையாது, மலையாளமும் கிடையாது. சேமிக்கும் முறையை எப்படி மாற்றினாலும் பயனில்லை.

சொற்களை நிரலில் எழுதாமல் தனித் தாளில் வையுங்கள்: ஒரு நெடுவரிசையில் தமிழ், பக்கத்தில் மலையாளம். தாளை மறைத்துவிட்டு, மேக்ரோ அங்கிருந்து எடுத்துக்கொள்ளட்டும். எக்செல் கட்டங்களுக்கு எல்லா மொழிகளுக்குமான எழுத்துக் குறிமுறையான யூனிகோடு தெரியும். பாலக்காட்டு வியாபாரிக்கு மலையாள ரசீது, பொள்ளாச்சிக்காரருக்குத் தமிழ் ரசீது என்று மாற்றித் தருவதும் இதனால் சுலபம். எண்ணை எழுத்தாக்கும் சிஎச்ஆர்டபிள்யூ சார்புக்கு 2949 கொடுத்தால் 'அ' கிடைக்கும்தான்; ஆனால் 'முருங்கைக்காய்' முழுவதையும் எண்களாக எழுத யாருக்குப் பொறுமை இருக்கிறது? செய்தி காட்டும் எம்எஸ்ஜிபாக்ஸ் பெட்டியில் மட்டும் தமிழ் கேள்விக்குறிகளாகவே வரும். அங்கே ஆங்கிலமே போதும்.

எக்செலிலிருந்து ஏற்றுமதி செய்த மேக்ரோ கோப்பின் தலையில் 'அட்ரிபியூட்' என்று தொடங்கும் வரியை அழிக்காதீர்கள். மாட்யூலின் (மேக்ரோ இருக்கும் நிரல் பகுதியின்) பெயர் அதில்தான் இருக்கிறது. ஏற்றுவதற்கு முன் பழைய மாட்யூலை நீக்குங்கள். இல்லாவிட்டால் பெயரோடு 1 ஒட்டிக்கொண்டு இரண்டு பிரதிகள் கிடக்கும்.

எக்செலுக்கு மாற்றான லிப்ரே ஆபீசுக்கு மாற மண்டியில் சம்மதித்தால், மேக்ரோவைப் பைதான் நிரல்மொழியிலேயே எழுதலாம். அங்கே யூடிஎஃப்-8 கோப்பு அப்படியே ஓடும்.