ரிங் கம்பெனி வேலைக்கு மகனை அனுப்பலாமா?

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த மகனுக்குக் கோவையில் டெஃப்லான் ரிங் செய்யும் சின்ன கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. “வாஷர் கம்பெனிக்குப் போகவா இத்தனை செலவு செய்து படிக்க வைத்தேன்?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஐ.டி. கோர்ஸில் சேர்க்கப் பணம் எடுத்து வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அனுப்புங்கள் ஐயா, ஒரு நிபந்தனையோடு.

அந்த ரிங் எங்கே போகிறது தெரியுமா? காற்றையோ வாயுவையோ அழுத்தித் தரும் சாதாரண கம்ப்ரசரில் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே எண்ணெய் இருக்கும். ஆக்சிஜன் கம்ப்ரசரில் எண்ணெய் பட்டால் தீப்பிடிக்கும். உணவு, மருந்து ஆலைகளிலும் காற்றில் எண்ணெய் கலக்கக் கூடாது. அங்கெல்லாம் உலர்ந்தபடியே உராய்ந்து ஓடுவது இந்த டெஃப்லான், அதாவது பி.டி.எஃப்.இ. ரிங்தான். ஓடத் தொடங்கியதும் தன்னில் கொஞ்சத்தைச் சிலிண்டர் சுவரில் மெல்லிய படலமாகப் பூசிவிடும். அப்புறம் அந்தப் படலத்தின் மேலேயே வழுக்கி ஓடும். 260 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும்.

குறைகளும் உண்டு. உங்கள் மகனுக்கு வேலை இருப்பதே அவற்றால்தான். எதுவும் கலக்காத பி.டி.எஃப்.இ. சீக்கிரம் தேயும், அழுத்தத்தில் மெல்ல மெல்ல உருமாறும். அதனால் கண்ணாடி இழை, கார்பன், கிராஃபைட், வெண்கலத் தூள் என்று ஏதாவது கலப்பார்கள். எந்த வாயுவுக்கு எது என்பதில்தான் சூட்சுமம். கிராஃபைட் வழுக்குவதற்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும். முற்றிலும் உலர்ந்த நைட்ரஜனில் அதை நம்ப முடியாது. சூட்டில் இந்தப் பொருள் எஃகைவிடச் சுமார் 10 மடங்கு விரியும். அதனால் ஓரிடத்தில் வெட்டுவிட்ட ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே விடும் இடைவெளி குறைந்தால் ரிங் இறுகிப் பிடிக்கும், கூடினால் வாயு கசியும். போதாததற்கு, 19 டிகிரியை ஒட்டி இதன் கன அளவே சுமார் ஒரு சதவீதம் மாறுகிறது. ஊட்டிக் குளிரில் எடுத்த அளவு கோவைப் பட்டறையில் ஒத்துப்போகாது!

சரி, நிபந்தனைக்கு வருகிறேன். இது உருகினாலும் மற்ற பிளாஸ்டிக் போல ஓடாது. பொடியை அச்சில் அழுத்தி, 360–380 டிகிரி அடுப்பில் சின்டரிங் செய்து, அதாவது துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டும்படி சுட்டு, பிறகுதான் லேத்தில் கடைவார்கள். லேத்தில் மட்டும் நிற்க வைத்தால் தம்பி ஒரு ஆபரேட்டராகவே நின்றுவிடுவார். கலவை, அடுப்பு, தேய்ந்து திரும்பி வரும் ரிங்கை ஆராய்வது ஆகிய மூன்றிலும் பழக விடுவார்களா என்று சேரும் முன்பே கேட்கச் சொல்லுங்கள். மழுப்பினால் வேறு கம்பெனி பாருங்கள். கம்ப்ரசருக்குப் பேர்போன ஊர் அது.

நீங்களும் ஒருமுறை போய், அடுப்புப் புகை ஒழுங்காக வெளியேறுகிறதா என்று பாருங்கள். யாராவது உள்ளே சிகரெட் பிடித்தால் அந்த இடம் வேண்டாம். விரலில் ஒட்டிய பொடி சிகரெட்டில் பட்டு எரிந்தால் அந்தப் புகையே காய்ச்சலைக் கொண்டுவரும்.

மேற்படிப்புக்கு இப்போதே அவசரம் இல்லை. கொஞ்சம் அனுபவம் சேர்ந்ததும் பகுதிநேர பி.இ. படிக்கலாம். பாலிமரில் ஆர்வம் வந்தால் சென்னை கிண்டியில் சிப்பெட் என்ற மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் இருக்கிறது. ஐ.டி. கோர்ஸுக்கென்று எடுத்து வைத்திருக்கும் பணத்தை அதுவரை தொடாதீர்கள்.