பாறை ஏறலாமா, கூடாதா? வாசகர் கேள்வி-பதில்

இங்கிலாந்தில் படிக்கும் மகன் பீக் டிஸ்ட்ரிக்ட் சுண்ணாம்புப் பாறைகளில் ஏறப் போகிறான். ஒரு சுவரில் மட்டும் ஜூன் முடியும்வரை ஏறத் தடை என்று பலகை இருக்கிறதாம். மீறினால் என்ன ஆகும்? (வாசகி, களுவாஞ்சிக்குடி)

மீற வேண்டாம் என்று சொல்லுங்கள் அக்கா. இப்படியான தடை பெரும்பாலும் பொரி வல்லூறு என்ற வேட்டைப் பறவை கூடு வைத்திருப்பதால்தான். ஆள் கிட்டே போனால் தாய்ப்பறவை எழுந்துவிடும், முட்டை குளிர்ந்துபோகும். 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி கூட்டிலிருக்கும் வல்லூறைக் குழப்புவது அங்கே குற்றம்; ஆறு மாதம்வரை சிறைகூடக் கிடைக்கலாம். குஞ்சுகள் முன்கூட்டியே பறந்துவிட்டால் தடையையும் முன்கூட்டியே எடுத்துவிடுவார்கள். பிரிட்டிஷ் மலையேற்ற மன்றம் எந்தப் பாறையில் என்ன தடை என்று இணையத்தில் போடுகிறது. புறப்படும் காலையில் அதைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

செடர் பள்ளத்தாக்குக்கும் போவானென்றால், அங்கே கதை வேறு. கோடையில் கீழே ரோட்டு நிறையச் சுற்றுலாக் கூட்டம். ஏறுபவர் கால்பட்டு ஒரு கல் விழுந்தால் போதும். அதனால் அங்கே பல சுவர்கள் குளிர்காலத்துக்கு மட்டும்தான்.

மலேசியா போகிறோம். பத்துமலையில் பாறை ஏற விடுவார்களா? (அக்கரைப்பற்று)

கோயில் பக்கம் 272 படியோடு சரி. கயிறு கட்டி ஏறுகிறவர்கள் மலையின் வேறு பக்கத்தில் டமாய் என்ற இடத்துக்குப் போவார்கள். வெடிப்புகளில் முளைத்திருக்கும் செடிகளைப் பிடுங்காதீர்கள். ஒரேயொரு சுண்ணாம்புக் குன்றில் மட்டும் வாழும் நத்தைகள் அந்த நாட்டில் உண்டு. நமக்கு அழுக்காகத் தெரிவதில்தான் அவை இருக்கும்.

குடும்பிமலையில் நாங்களே பாறையைத் துளைத்து, கயிறு மாட்டும் போல்ட் அடித்து, ஏறும் பாதை திறக்கலாமா? அதுவும் சுண்ணாம்புப் பாறையா? (இளைஞர்கள், கிரான்)

சுண்ணாம்புக்கல் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது தம்பிமாரே, ஏறுவதற்கு உயரம்தான் இல்லை! உயரம் இருப்பது நம் கிழக்குப் பக்கம். ஆனால் கல் நைஸ் என்ற பழைய உருமாறிய பாறை. சுண்ணாம்புபோல மழைநீரில் கரையாது. நீங்கள் போடும் துளையும் அப்படியே நிற்கும்.

டிரில்லை வீட்டில் வையுங்கள். மட்டக்களப்பு, அம்பாறைப் பாறைகள் பலவற்றில் பிராமிக் கல்வெட்டும், மழைநீர் உள்ளே வராமல் நெற்றியில் காடி வெட்டிய குகைகளும் உண்டு. ராஜகல நல்ல உதாரணம். அவற்றைச் சேதப்படுத்தினால் 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் பாயும். மங்கிய எழுத்தின்மேல் கைக்குப் பூசும் வெள்ளைப் பொடி பட்டாலே கெடுதல்தான். குமண போன்ற தேசிய பூங்காவுக்குள் என்றால் நினைத்த இடத்தில் வாகனத்தை விட்டு இறங்கவே முடியாது.

முதலில் பிரதேச செயலகத்தில் காணி யாருடையது என்று கேளுங்கள்: வன இலாகாவா, வனசீவராசிகள் திணைக்களமா, தொல்பொருளா, கோயிலா. அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பிப் போய் நிற்காதீர்கள், அதிகாரி மாறினால் அதுவும் போய்விடும். கிடைத்தால், மேலே உறுதியான மரத்தில் கயிறு கட்டி ஏறுங்கள். பாறையில் ஒரு தழும்பும் விழாது. மழைக்காலம், ஒக்டோபர் முதல் ஜனவரிவரை, வேண்டாம். அப்புறம், மலைத்தேன் அடை தொங்கும் பக்கம் அனுமதி இருந்தாலும் போகாதீர்கள். கயிற்றில் தொங்குகிறவனால் ஓட முடியாது.

தாய்லாந்து ரெய்லேயில் பளபளக்கும் போல்ட்டையும் நம்பாதே என்கிறார்களே? (பொத்துவில்)

உண்மைதான். கடலோரச் சுண்ணாம்புப் பாறையில் துருப்பிடிக்காத எஃகுகூட உள்ளே வெடித்து, வெளியே ஒன்றும் தெரியாமல் முறிந்திருக்கிறது. அதனால்தான் டைட்டேனியம் போல்ட்டுகளைப் பசைவைத்துப் பதிக்கிறார்கள். எந்தப் பாதையில் மாற்றியிருக்கிறார்கள் என்று உள்ளூர் வழிகாட்டிகளிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள்.